சீனியர் ஆபீஸை விட்டுப் போகும் வக்கீல்: கேஸ் கட்டு யாருக்கு? குமாஸ்தாவுக்கு கிராஜுவிட்டி உண்டா?

"இனிமே நான் அந்த ஆபீஸ்ல இல்லீங்க."

திருவொற்றியூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ பஸ் ஏறி, வருஷக்கணக்கில் பாரிமுனைக்கு வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, போனில் இந்த ஒரு வரி வந்தால் முதலில் வருவது பயம்தான். கேஸை நடத்தியது இந்த ஜூனியர். வக்காலத்தில் முதல் பெயர் சீனியருடையது. கட்டு இருப்பதோ தம்பு செட்டித் தெருவில் ஏதோ ஒரு மாடி அறையில். இனி யாரைப் பார்ப்பது? கொடுத்த ஃபீஸ் என்ன ஆகும்?

அந்தப் பக்கம் போனில் பேசியவருக்கும் குழப்பம் குறைவில்லை. பத்து, பதினைந்து வருஷம் ஒரே ஆபீஸில் இருந்துவிட்டு வெளியேறுகிறார். கம்பெனி வேலையாக இருந்தால் ராஜினாமா கடிதம், நோட்டீஸ் பீரியட், பி.எஃப்., கிராஜுவிட்டி என்று ஒரு வரிசை இருக்கும். வக்கீல் ஆபீஸில் பெரும்பாலும் ஒரு கும்பிடு, ஒரு ஆசீர்வாதம், அவ்வளவுதான்.

சட்டத்தை வைத்துப் பிழைப்பவர்கள் வேலை மாறும்போது சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

வட சென்னையில் இது ஏன் முக்கியம்?

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியில் கோர்ட் வாசலை மிதிக்கக் காரணங்கள் அதிகம். துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் லாரிகளால் விபத்து வழக்குகள். தொழிற்சாலைகளில் வேலை நீக்கம், ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்னை. மீனவர்களுக்கு இழப்பீட்டு வழக்குகள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதியில் அமோனியா கசிவு. இவை எல்லாமே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரங்கள்.

இப்படிப்பட்ட வழக்குகள் ஒரு மாதத்தில் முடிவதில்லை. வழக்கு முடிவதற்குள் ஜூனியருக்குக் கல்யாணமாகி, குழந்தை ஸ்கூலுக்குப் போய்விடும். ஆபீஸ் மாறுவதும் அதற்குள் நடந்துவிடும். கட்சிக்காரருக்கு சீனியரின் முகம்கூட சரியாக நினைவிருக்காது. வாய்தா தேதியைச் சொன்னது குமாஸ்தா, கோர்ட்டில் எழுந்து நின்றது ஜூனியர். அதனால் இவர்களில் ஒருவர் இடம் மாறினாலும் பாதிப்பு நேராக அந்தக் குடும்பத்துக்குத்தான்.

வக்கீல் ஆபீஸில் இருப்பவர் 'ஊழியரா'?

இங்கே இரண்டு வகை ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வக்கீலாகப் பதிவு செய்த ஜூனியர். இன்னொன்று குமாஸ்தா, டைப்பிஸ்ட், கணக்கு எழுதுபவர், ஆபீஸ் பையன் போன்றவர்கள்.

முதல் வகைக்கு இந்திய பார் கவுன்சில் விதி 49 குறுக்கே நிற்கிறது. வக்கீலாகத் தொழில் செய்யும் ஒருவர், எந்த ஒரு நபரிடமோ நிறுவனத்திலோ அரசிடமோ முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது அது. அதனால் பெரிய சட்ட நிறுவனங்களில்கூட இளம் வக்கீல்களுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று எழுதுவதில்லை. தொழில்முறைக் கட்டணம் என்று எழுதி வரி பிடிப்பார்கள். காலையில் வருவது, ராத்திரி போவது, லீவு கேட்பது என நடைமுறையில் எல்லாமே வேலைக்காரர் மாதிரிதான். ஆனால் காகிதத்தில் அவர் சுதந்திரமான தொழில்முறையாளர். பி.எஃப்., கிராஜுவிட்டி கேட்க முடியாமல் போவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது வகையினர் கதை கொஞ்சம் நீளம்.

1962ல் பம்பாயைச் சேர்ந்த ஒரு சொலிசிட்டர் நிறுவனத்தின் ஊழியர்கள் போனஸ் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சொலிசிட்டர் தன் அறிவையும் திறமையையும் வைத்து நடத்தும் தொழில் இது, குமாஸ்தாவின் வேலை அதற்கு நேரடிப் பங்களிப்பு அல்ல, எனவே இது 'தொழிற்துறை' ஆகாது என்று தீர்ப்பு வந்தது. போனஸ் கிடைக்கவில்லை.

1978ல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் காற்று மாறியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முக்கியத் தீர்ப்பை எழுதிய 7 நீதிபதிகள் அமர்வு, அந்த 1962 தீர்ப்பு தவறு என்றது. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து முறையாக நடத்தும் செயல்பாடு என்றால் அது தொழிற்துறைதான், படித்தவர்கள் நடத்துகிறார்கள் என்பதற்காக விலக்கு கிடையாது என்பது அதன் சாரம். ஆனால் ஒரு கதவைத் திறந்தே வைத்தது: பேருக்கு ஓரிருவரை மட்டும் வைத்து நடத்தும் சிறிய தொழில்முறை அலுவலகங்களுக்கு விலக்கு உண்டு. பாரிமுனையில் இருக்கும் ஆபீஸ்களில் பாதிக்கு மேல் அந்தக் கதவு வழியாக வெளியே போய்விடும்.

அடுத்து 1984. கேரளாவில் ஒரு வக்கீல் நிறுவனத்தில் வேலை பார்த்த குமாஸ்தாவின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி வக்கீல் ஆபீஸ் ஒரு 'வணிக நிறுவனமா' என்பது கேள்வி. இல்லை என்றது நீதிமன்றம். வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல, அதனால் அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு அங்கே வேலை செய்பவருக்கு இல்லை.

வக்கீல் தொழிலின் கௌரவத்தைக் காப்பாற்றிய தீர்ப்புதான். அதற்கான விலையை யார் கொடுத்தது என்று பார்த்தால், மாடிப்படி ஏறி இறங்கிக் கட்டு சுமந்தவர்.

அப்போ கிராஜுவிட்டி கிடைக்கவே கிடைக்காதா?

அப்படியும் இல்லை. ஆபீஸின் அளவைப் பொறுத்தது.

1972 கிராஜுவிட்டி சட்டம் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்களுக்குப் பொருந்தியது. ஆனால் எது நிறுவனம் என்பதை மாநிலக் கடைகள் சட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். 1984 தீர்ப்பு அங்கேதான் வந்து இடித்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அதில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனம் என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. வணிகம், வியாபாரம் மட்டுமல்லாமல் தொழில் நடக்கும் இடம் என்ற அளவுக்கு நீள்கிறது. எனவே 10 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் சட்ட நிறுவனத்தின் ஊழியர், பழைய தீர்ப்பைக் காட்டி 'உனக்கு இல்லை' என்று சொன்னால் அப்படியே திரும்பிப் போக வேண்டியதில்லை. எதிர்த்து வாதாட இடம் இருக்கிறது.

எவ்வளவு வரும்? கணக்கு எளிது. கடைசி மாதச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வேலை செய்த வருஷங்களால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 22 வருஷம் வேலை செய்த குமாஸ்தாவின் கணக்கில் வரும் சம்பளம் 18,000 ரூபாய் என்றால், கிராஜுவிட்டி சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம். பொதுவாக 5 வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்திருக்க வேண்டும்.

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் பெரிய நிறுவனம் என்றால் பி.எஃப். விவகாரமும் வரும். பி.எஃப். பிடித்திருந்தால் வேலை மாறும்போது அதை எடுத்துவிடாமல், யு.ஏ.என். எண் மூலம் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இரண்டு மூன்று பேர் இருக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு? தமிழ்நாட்டில் வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று 1999ல் ஒரு சேமநல நிதிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் அதில் உறுப்பினராகப் பதிவு செய்திருந்தால்தான் பலன். ஆபீஸ் மாறும்போது முதலில் பார்க்க வேண்டிய காகிதம் அந்த உறுப்பினர் பதிவுதான். கோர்ட்டில் பதிவு பெற்ற குமாஸ்தா என்றால், பழைய வக்கீல் பெயரில் இருக்கும் அடையாள அட்டையையும் புதிய வக்கீல் பெயருக்கு மாற்ற வேண்டும்.

ஜூனியருக்குக் கையில் என்ன வருகிறது?

பலர் ஆபீஸ் மாற முக்கியக் காரணமே இதுதான். கட்சிக்காரர்களுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றுண்டு: கறுப்பு கோட் போட்டவர் என்றாலே கையில் காசு இருக்கும் என்று நினைத்தால் தப்பு. முதல் சில வருஷங்கள் பஸ் காசுக்கே திண்டாடியவர்கள் ஏராளம்.

2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இதைக் கையில் எடுத்தது. ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் குறைந்தபட்சம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்பது கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று சொன்னது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயம் அல்ல.

தனியாக ஒரு சின்ன அறையில் தொழில் நடத்தும் சீனியரும் இதில் சிக்குகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜூனியருக்கு 20,000 கொடுக்கும் அளவுக்கு அவருக்கே வருமானம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கேஸ் கட்டு யாருடையது?

சீனியருடையது அல்ல. வெளியேறும் ஜூனியருடையதும் அல்ல. கட்சிக்காரருடையது.

இதை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தெளிவாகச் சொன்னது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கி ஒன்று தன் வக்கீலை மாற்றியது. பழைய வக்கீலோ 97,100 ரூபாய் ஃபீஸ் பாக்கி, அது வந்தால்தான் கட்டுகளைத் தருவேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். பாக்கி இருந்தால் அதற்கு வழக்கு போடலாம், கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்றது நீதிமன்றம். அப்படிப் பிடித்து வைப்பது தொழில்முறைத் தவறு என்றும் தீர்ப்பு சொல்கிறது. நகைக்கடைக்காரர் அடகு நகையைப் பிடித்து வைப்பது மாதிரி வக்கீல் கட்டைப் பிடித்து வைக்க முடியாது.

சரி, ஜூனியர் போய்விட்டால் வக்காலத்து செல்லாமல் போய்விடுமா? போகாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 3, விதி 4 படி, ஒருமுறை தாக்கலான வக்காலத்து நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூலம் முடித்துக்கொள்ளும் வரை, அல்லது வழக்கு முடியும் வரை உயிரோடு இருக்கும். சீனியர், ஜூனியர் இரண்டு பேர் பெயரும் அதில் இருந்தால், ஜூனியர் வெளியேறிய பிறகும் சீனியர் தொடர்ந்து ஆஜராகலாம். கட்சிக்காரர் எதுவும் செய்யத் தேவையில்லை.

ஆனால் 'எனக்கு அந்தத் தம்பிதான் வேணும்' என்று கட்சிக்காரர் நினைத்தால்? அது அவருடைய உரிமை. அதற்கு மாற்று வக்காலத்து போட வேண்டும். பார் கவுன்சில் விதி 39 படி, ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்டிருக்கும் வழக்கில் புதியவர் வர, பழையவரின் சம்மதம் தேவை. 'என்.ஓ.சி.' என்று கோர்ட் வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். பழையவர் தர மறுத்தால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போட்டு, அனுமதி வாங்கி ஆஜராகலாம்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

மனஸ்தாபத்தில் ஆபத்து இல்லை. மேசை டிராயரில் கிடக்கும் காகிதங்களில் இருக்கிறது.

தாக்கல் செய்த மனுவில் குறை இருந்தால் கோர்ட் அதைத் திருப்பித் தரும். 'ரிட்டர்ன்' என்பார்கள். கொடுத்த நாளுக்குள் சரி செய்து திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி தனியாக ஒரு மனு போட வேண்டும். இப்படி ரிட்டர்ன் ஆன பேப்பர் பெரும்பாலும் குமாஸ்தாவின் பையில்தான் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போகும்போது பையும் கூடவே போனால், எந்த கம்ப்யூட்டர் பட்டியலிலும் அது தெரியாது.

எதிராளிக்கு சம்மன் அனுப்ப பேட்டா கட்ட வேண்டிய தேதி, பதிலுரை தாக்கல் செய்யும் கெடு, சான்றிட்ட நகலுக்குப் போட்ட மனு என எல்லாம் இதே வகைதான். வாய்தாவில் யாரும் நிற்காமல் வழக்கு தள்ளுபடியானாலோ, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானாலோ, அதை ரத்து செய்யக் கேட்க காலவரையறைச் சட்டம் தருவது 30 நாள். ஆபீஸ் மாறிய சந்தடியில் ஒரு மாதம் ஓடிப்போவது பெரிய விஷயமே இல்லை.

இப்போது இ-ஃபைலிங் வந்த பிறகு புதிதாக ஒரு சிக்கல். கணக்கு வக்கீலின் பதிவு எண்ணோடும் மொபைல் எண்ணோடும் இணைந்திருக்கும். ஜூனியரின் கணக்கிலிருந்தே ஆபீஸ் வழக்குகளைத் தாக்கல் செய்திருந்தால், அவர் வெளியேறிய பிறகு ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும். குறை இருக்கிறது என்ற தகவலும் அங்கேதான் போகும்.

அதனால் ஒழுங்காக வெளியேறும் ஜூனியர் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு. வழக்கு எந்த நிலையில், அடுத்த வாய்தா எப்போது, எந்தக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது, அசல் ஆவணம் யாரிடம். சீனியரிடம் கையெழுத்து வாங்கி ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டால், நாளைக்கு 'அந்த கட்டை நீதான் தொலைச்ச' என்ற பேச்சுக்கே இடமில்லை.

கட்சிக்காரர்களைக் கூடவே கூட்டிப் போகலாமா?

இதில்தான் சண்டை வரும். வெளியேறும் வக்கீல், எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் 'என்னிடம் வாருங்கள், ஃபீஸ் குறைவு' என்று வாட்ஸ்அப் அனுப்பினால் அது பார் கவுன்சில் விதி 36க்கு எதிரானது. வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும், ஆள் பிடிப்பதையும் அந்த விதி தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் மூலம் வக்கீல்கள் விளம்பரம் செய்வதற்கு எதிராகவும் கடுமையான உத்தரவு போட்டது. ஆபீஸ் மாறிவிட்டேன் என்ற தகவலை மட்டும் சொல்வது வேறு, வா என்று இழுப்பது வேறு.

இன்னொரு பக்கம், 'என் ஆபீஸை விட்டுப் போனால் 3 வருஷம் சென்னையில் தொழில் செய்யக் கூடாது' என்று சீனியர் எழுதி வாங்கியிருந்தால்? 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் பங்குதாரராக இருந்தவருக்கு நிலைமை வேறு. 1932 கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 36, விலகும் பங்குதாரர் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று நியாயமான அளவில் ஒப்புக்கொள்வதை அனுமதிக்கிறது.

நோட்டீஸ் பீரியட், பயிற்சிச் செலவுக்கான பாண்ட் போன்றவை இதில் சேராது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருஷம் முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பெரிய சட்ட நிறுவனத்தில் கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டுப் போவது நல்லது.

வெளிநாடுகளிலும் இதில் ஒரே கருத்து கிடையாது. ஹாங்காங்கில் ஒரு சொலிசிட்டர் நிறுவனத்திலிருந்து விலகிய பங்குதாரருக்கு 5 வருஷத் தடை விதித்தது செல்லும் என்று 1984ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் நேர்மாறு. வக்கீல்களுக்குள் அப்படி ஒப்பந்தமே போடக் கூடாது என்பது அங்குள்ள பார் அசோசியேஷனின் மாதிரி விதி. 2019ல் அது வெளியிட்ட கருத்துரையில், வக்கீல் விலகும்போது அவரும் நிறுவனமும் சேர்ந்தே கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதுவது நல்லது, யாரோடு போவது என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்கிறது. நம்மூர் ஆபீஸ்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கம் இது.

எதிர்த்தரப்பு ஆபீஸில் போய்ச் சேர்ந்தால்?

வட சென்னையில் இது அடிக்கடி எழும் கேள்வி. தொழிலாளர் பக்கம் ஆஜராகும் ஆபீஸில் இருந்தவர், நிர்வாகங்களுக்கு ஆஜராகும் ஆபீஸுக்குப் போகலாம். விபத்தில் பலியானவரின் குடும்பத்துக்காக வாதாடியவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி பேனலில் சேரலாம். போவதில் தப்பில்லை. ஆனால் தான் ஏற்கெனவே கைவைத்த வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. ஆலோசனை சொல்லியிருந்தாலோ, மனு எழுதிக் கொடுத்திருந்தாலோகூட விதி 33 தடுக்கும்.

ரகசியம் காப்பது அதைவிடப் பெரிய கடமை. 2023 பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 132 படி, கட்சிக்காரர் தன் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. வக்கீல் பணி முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடரும். வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் இது பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. ஆக, கிராஜுவிட்டி கேட்கும்போது 'நீ ஊழியரா' என்று கேட்கும் அதே சட்ட உலகம், ரகசியம் காக்கும் விஷயத்தில் மட்டும் குமாஸ்தாவை மறக்கவில்லை.

துறைமுகக் கம்பெனியில் சட்ட அதிகாரி வேலை கிடைத்தால்?

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, சுற்றியுள்ள கப்பல் ஏஜென்சிகள், தொழிற்சாலைகள் என்று இந்தப் பகுதியில் மாதச் சம்பளத்துடன் சட்ட அதிகாரி வேலைகள் வரும். பத்து வருஷம் உதவித்தொகையில் ஓட்டியவருக்குக் கையில் நிலையான சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு என்பது பெரிய ஈர்ப்பு.

ஆனால் அங்கே சேர்ந்த நாளிலிருந்து விதி 49 வேலை செய்யத் தொடங்கும். முழுநேரச் சம்பளம் என்றால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். திரும்பி வர நினைத்தால் மறுபடி விண்ணப்பித்துத் தொடரலாம். 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது: கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிக்கு, நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீலுக்கான பிரிவு 132 பாதுகாப்பு கிடையாது. பழைய ஆபீஸில் பேசிய மாதிரியே புதிய நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதினால், ஒருநாள் அது விசாரணைக்காரர் மேசைக்குப் போகலாம்.

மூன்று வருஷத் தொழில் அனுபவத்தோடு சிவில் நீதிபதி தேர்வு எழுத நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. அனுபவச் சான்று தர வேண்டியவர் 10 வருஷம் தொழிலில் உள்ள வக்கீல், அதில் நீதித்துறை அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். சீனியரோடு சண்டை போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தவர், அந்தக் கையெழுத்துக்காக மறுபடி அதே கதவைத் தட்ட நேரலாம்.

ஆபீஸை விட்டுப் போனவர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாம் என்று தோன்றினால், முன்னாள் நீதிபதி கே. சந்துருவை நினைத்துப் பார்க்கலாம். 'ஜெய்பீம்' படத்தால் இன்றைய தலைமுறைக்கும் தெரிந்தவர். அவர் தொழில் கற்றது 'ரோ அண்ட் ரெட்டி' என்ற சென்னை ஆபீஸில். ஏழைகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடிய இடம் அது. அங்கே 8 வருஷம் இருந்துவிட்டு, வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கினார். 2006ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற நாளில் அரசு காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார்.

அதற்கும் ரொம்ப முன்னால், தொழிலையே விட்டுப் போனவர் சிங்காரவேலர். மீனவர் குடும்பத்தில் பிறந்து உயர் நீதிமன்ற வக்கீலானவர், 1921ல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் தொழிலைத் துறந்தார். 1923 மே 1 அன்று சென்னையில் மே தினம் கொண்டாடினார். ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை கலெக்டர் ஆபீஸுக்கு அவர் பெயர்தான்.

உங்கள் வக்கீல் மாறிவிட்டார் என்று தெரிந்தால் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 16 எழுத்து, எண் கொண்டது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடைசியாக என்ன நடந்தது என்பது போனிலேயே தெரியும். யார் ஆபீஸ் மாறினாலும் தேதிக்காக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, கெடு. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் தீர்ப்பாயம் போக முன்பு 3 வருஷம் இருந்தது. புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் அது 2 வருஷம். 'கேஸ் போட்டாச்சு' என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இருக்காமல், வழக்கு எண் கேளுங்கள். எண் இல்லை என்றால் கேஸ் இன்னும் கோர்ட் கணக்கில் ஏறவில்லை என்று அர்த்தம்.

விபத்து இழப்பீட்டில் 'வர்ற பணத்துல இத்தனை பர்சன்ட் எனக்கு' என்று பழைய ஆபீஸ் பேசியிருந்தால், புதியவரும் அதில் பங்கு கேட்டால், இரண்டுமே தப்பு. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது.

கட்டைத் தர மறுத்தால், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று சொல்லிவிட்டது. புகார் கொடுக்க வேண்டிய இடம், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில்.

வேறு வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12 படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலை விபத்து போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. எண்ணூர் அமோனியா கசிவில் பாதிக்கப்பட்டு இன்னும் இழப்பீடு கேட்காமல் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்; பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க சட்டம் தரும் 5 வருஷக் கெடு அவர்களுக்கு 2028 டிசம்பரில் முடிகிறது.